ஓடுறவங்களுக்குச் சோறு போடுங்க

கொஞ்ச வருசமாவே எங்க ஊட்டுக்கு வர்ற டவுன் சொந்தக்காரங்கள்ல பாதிப்பேர் இலையில் சோறு வாங்குவதில்லை. "சோறு வேண்டாமுங்க, பொரியல் மட்டும் வையுங்க" என்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர் சொன்னால் நியாயம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் விடியக்காலம் நாலரை மணிக்கு எழுந்து, பளபளவென்று ஷூவை மாட்டிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் 20 கிலோமீட்டர் ஓடப் போகிற ஆளும் முந்தின நாள் ராத்திரி இதையேதான் சொல்கிறார். கேட்டால், "வெயிட் குறையணும், அப்பத்தான் வேகம் வரும்" என்கிறார்.

தொலைதூரம் ஓடிப் பழகுகிறவர் பழகுகிற காலத்தில் சோற்றைக் குறைக்கக் கூடாது என்பது என் கட்சி. எடை குறைக்கிற வேலைக்கு வேறு மாதங்கள் இருக்கின்றன. ரெண்டையும் ஒரே வண்டியில் பூட்டினால் என்ன ஆகும் என்பதை எங்க ஊரிலேயே இந்த வருசம் பார்த்துவிட்டோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மருத்துவன் இல்லீங்க. விவசாயக் கல்லூரியில் படித்த காலத்தில் 5,000 மீட்டர் ஓடினவன். இப்போ வயசு 52. வாரத்தில் நாலு நாள் பி.ஏ.பி. கிளை வாய்க்கால் மேட்டில் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். போலீஸ் செலக்‌ஷனுக்குப் பழகுகிற எங்க ஊர்ப் பசங்களும் அங்கேதான் வருவார்கள். 1,500 மீட்டரை ஏழு நிமிசத்தில் முடிக்க வேண்டும், அவர்களுக்கு அதுதான் கணக்கு. இத்தனை வருசத்தில் யார் யார் என்ன தின்றார்கள், யார் பாதியில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்ததும், கொஞ்சம் படித்ததும்தான் என் மூலதனம்.

முதலில் அக்கா பையன் கதை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, 78 கிலோ. ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டு, தீபாவளி லீவில் இங்கே வந்திருந்தான். ராத்திரி அவனுக்குத் தயிரில் ஊறின ஓட்ஸ் ஒரு கிண்ணம், ஒரு வெள்ளரிக்காய். காலையில் வெறும் வயிறு, கறுப்புக் காப்பி. 28 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று அட்டவணை வைத்திருந்தான். இருபத்தி ரெண்டாவது கிலோமீட்டரில் மதகுத் திட்டு மேலே உட்கார்ந்துகொண்டு எனக்கு போன் பண்ணினான். "மாமா, வண்டி எடுத்துட்டு வாங்க, காலு வரமாட்டேங்குது."

டிவிஎஸ் 50-ல் பின்னாடி உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். வழியில் தோட்டத்து வாழைப்பழம் நாலு தின்றான். பத்து நிமிசத்தில் பேச்சு வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அவனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். கம்ப்யூட்டர்காரன், கணக்கு என்றால் கேட்டுக்கொள்வான். ஓடும்போது உடம்பு எரிக்கிற சக்தி ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. 78 கிலோ ஆள் 28 கிலோமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 2,180 கலோரி. நம் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்கிறார்களே அது, நன்றாகச் சாப்பிட்ட ஆளுக்கே 500 கிராம் சுற்றித்தான் இருக்கும். அதாவது 2,000 கலோரி. கூடவே கொழுப்பும் எரிவதால்தான் வண்டி அதைத் தாண்டியும் ஓடுகிறது. மாரத்தான் ஓடுகிறவர்கள் 30 கிலோமீட்டர் வாக்கில் சுவரில் முட்டின மாதிரி நிற்கிறார்களே, அது இந்தக் கிடங்கு காலியாகிற இடம். இவன் ஒரு வாரமாகச் சோறு, இட்லி எதையும் தொடாமல் பாதிக் கிடங்கோடு கிளம்பினவன். சுவர் இவனைத் தேடி இருபத்தி ரெண்டிலேயே வந்துவிட்டது.

"ஆனா மாமா, முதல் வாரத்துலயே ரெண்டு கிலோ குறைஞ்சுதே?" என்றான். குறையும். ஒரு கிராம் கிளைக்கோஜன் தசையில் தங்கும்போது சுமார் மூணு கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சோற்றை நிறுத்தினால் கிடங்கு காலி, தண்ணீரும் வெளியே போகும், மெசினில் முள் இறங்கும். மறுபடி நாலு வேளை சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். அதைக் கொழுப்பு கரைந்தது என்று நினைத்துக்கொண்டு சந்தோசப்படுகிறார்கள்.

கொழுப்புக் கணக்கு இன்னும் கசப்பானது. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 78 கிலோ ஆள் ஓடி மட்டுமே அதைக் கரைக்க வேண்டும் என்றால் 100 கிலோமீட்டர் ஓடணும். ஓட்டம் எடை குறைக்கிற மருந்து என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஓட்டத்தால் நெஞ்சுக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. அதற்காக ஓடுங்க. தொப்பையைக் கரைக்க ஓடுகிறேன் என்று கிளம்பினவர்கள் மூணாவது மாதம் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்க அய்யன் காலத்தில் கிணற்றில் கவலை இறைத்தார்கள். மோட்டார் வராத காலம். கோழி கூப்பிடும் நேரத்தில் எருதுகளைப் பூட்டினால் வெயில் ஏறும் வரைக்கும் கவலைக் குழியில் இறங்குவதும் பின்னால் ஏறுவதுமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். உங்க மாரத்தானுக்கு ஒப்பிடலாம் என்றால் அந்த எருதைத்தான் சொல்ல வேண்டும். கவலை ஓடுகிற மாசங்களில் அய்யன் எருதுகளுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவார். புண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டு எல்லாம் ரெண்டு மடங்கு. மழை பெய்து கவலை நின்றுபோனால் பருத்திக்கொட்டையும் நிற்கும், வெறும் தட்டும் மேய்ச்சலும்தான். நிற்கிற மாட்டுக்கும் இழுக்கிற மாட்டுக்கும் ஒரே தீனி போடுகிறவனை ஊரில் சிரிப்பார்கள். எருது கொஞ்சம் பூசினாப்பல இருக்கிறது, இளைக்கட்டும் என்று கவலை ஓட்டுகிற மாசத்தில் பட்டினி போடுகிறவனை மாட்டுச் சந்தைப் பக்கமே சேர்க்க மாட்டார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம், "ஆமாமுங்க, அந்தக் காலத்துல கம்பும் ராகியும் சாப்பிட்டாங்க, எல்லாரும் ஒல்லியா இருந்தாங்க" என்று ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுங்க. நான் கம்பு விதைக்கிறவன், கோயமுத்தூரில் இயற்கை அங்காடிகளுக்குப் போடுகிறவன். என் வயித்துப் பிழைப்புக்கு விரோதமாகவே சொல்கிறேன்: கம்பிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். வேகாத தானியம் 100 கிராமுக்கு 350 பக்கம் ரெண்டிலும் இருக்கும். கம்பில் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் கூட, அதனால் வயிறு சீக்கிரம் நிறையும், பசி மெதுவாக எடுக்கும். அது நல்ல குணம். ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு முந்தின ராத்திரியும் அன்றைக்குக் காலையும் கம்மஞ்சோறு தின்றுவிட்டு ஓடிப் பாருங்க, எந்த வேலி மறைவில் ஒதுங்கலாம் என்று தேடிக்கொண்டே ஓடுவீர்கள். அன்றைக்கு வெள்ளைச் சோறு, இட்லி, வாழைப்பழம்தான் சரி. கம்பை மற்ற நாள் சாப்பிடுங்க. என்கிட்டயே வாங்கிச் சாப்பிடுங்க.

அந்தக் காலத்து ஆட்கள் ஒல்லியாக இருந்ததற்குக் காரணம் கம்பு இல்லை, வேலை. இப்போ எங்க ஊரிலேயே பாருங்க. தென்னைக்குச் சொட்டுநீர் போட்டாச்சு, மோட்டாரை செல்போனிலேயே ஓட்டுகிறோம், தோட்டத்துக்குப் போக வண்டி. ஆனால் தின்கிறது மட்டும் கவலை ஓட்டின அப்பன் தின்ற அளவு. எங்க தெருவில் சர்க்கரை மாத்திரை போடாத வீடு குறைவு. கிராமத்தான் எல்லாம் திடகாத்திரமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு யாரும் ஏமாற வேண்டாம்.

இன்னொன்று கொள்ளு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு ராத்திரிச் சோற்றுக்குப் பதில் கொள்ளு ரசம் மட்டும் குடிக்கிறவர்கள் உண்டு. அதே கொள்ளை இங்கே வேகவைத்து ரேக்ளாக் காளைக்குப் போடுகிறார்கள், இளைக்கிறதுக்கா? நல்ல புரதம் இருக்கிற பயறு அது. சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுங்க.

கென்யா நாட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. இடென் என்ற சின்ன ஊரைச் சுற்றி ஓட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். எலியுட் கிப்சோகே 2022-ல் பெர்லினில் 2 மணி 1 நிமிசம் 9 நொடியில் மாரத்தான் முடித்தார். மறு வருசம் கெல்வின் கிப்டும் சிகாகோவில் 2 மணி 35 நொடியில் முடித்தார். அந்த ஊர் ஓட்டக்காரர்கள் அன்றாடம் தின்பது உகாலி. உகாலி என்றால் வேறொன்றுமில்லீங்க, மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணியில் கொட்டிக் கிண்டிய களி. தொட்டுக்க கீரை, பீன்ஸ், எப்போதாவது கறி. நடுவில் பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்ட டீ. அங்கே முன்னணி ஓட்டக்காரர்கள் சாப்பாட்டை அளந்து 2004-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தின்கிற கலோரியில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் மாவுச்சத்துதான் என்று கண்டார்கள். உலகத்திலேயே வேகமாக ஓடுகிறவன் களி தின்கிறான், அவனைப் பார்த்து ஷூ வாங்குகிற நம்ம ஆள் சோற்றைக் கண்டால் பயப்படுகிறான். எங்க பக்கம் விளைகிற மக்காச்சோளம் எல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகிறது என்பது தனிக் கதை.

எடையே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கிலோவுக்கு ஒரு கலோரி என்ற கணக்கை மேலே நானேதான் போட்டேன். எடை குறைந்தால் அதே தூரத்துக்கு எரிக்கிற சக்தியும் குறையும், அது உண்மை. 78 கிலோ இருக்கிற எங்க மாப்பிள்ளை 72-க்கு வந்தால் சுகமாக ஓடுவான். அதைச் செய்ய வேண்டிய காலம் போட்டி முடிந்த பிறகு வருகிற மாதங்கள். ஓட்டம் குறைவாக இருக்கும்போது, வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாமல், ராத்திரிப் பரோட்டா, பேக்கரிப் பலகாரம், நாலு வேளை சர்க்கரைக் காப்பி இதிலெல்லாம் கை வைத்துக் குறைக்கலாம். நீண்ட ஓட்டங்கள் வருகிற கடைசி ரெண்டு மூணு மாதத்தில் மெசினைப் பரண் மேல் போட்டுவிட்டு, வேலைக்குத் தக்க தீனி. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடுகிறவருக்கு எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து என்று விளையாட்டு உணவியலில் சொல்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 300 கிராம் தொடங்கி. வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம்தான் மாவுச்சத்து. கணக்குப் போட்டுப் பாருங்க, எவ்வளவு சோறு என்று. ஓய்வு நாளில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்க, அவ்வளவுதான்.

புரதம் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். அதற்கு டப்பா பவுடர் வாங்க வேண்டிய அவசியம் நம்ம ஊரில் இல்லை. ரெண்டு முட்டை, ஒரு கை நிலக்கடலை, ரெண்டு டம்ளர் பால், மத்தியானம் பருப்பு, ராத்திரி பச்சைப்பயறோ கொள்ளோ. எங்க பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு இருக்கிறதே, துவரம்பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, மேலே ஒரு கரண்டி நெய். ஓடிவிட்டு வந்தவனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு எந்த டயட்டீசியனும் எழுதித் தர முடியாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் பாதி வழியில் எதையாவது உள்ளே போட வேண்டும். நான் எலுமிச்சை பிழிந்து நாட்டுச்சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணியை பாட்டிலில் கொண்டு போய் மதகுத் திட்டில் வைத்துவிடுவேன். ஒரு தடவை எருமை தட்டிவிட்டது, அதிலிருந்து புங்கமரக் கிளையில் மாட்டி வைக்கிறேன்.

இனி எங்க ஊர்ப் பிள்ளை விசயம். அவள்கிட்டயும் அவளைப் பெத்தவங்ககிட்டயும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் வேண்டாம். எனக்குத் தம்பி முறை ஆகிற பங்காளி மகள். ஒன்றரை ஏக்கர் மானாவாரி, ரெண்டு எருமை, அதுதான் குடும்பம். பள்ளிக்கூடத்தில் இருந்தே நல்லா ஓடுவாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்து, விடுதிக் கட்டணமும் இல்லாமல் ரெண்டாவது வருசம் படிக்கிறாள். ஓடுகிறது 5,000 மீட்டர். ஓட்டம் நின்றால் படிப்பும் நிற்கும் என்ற நிலைமை.

அங்கே திங்கட்கிழமை திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லாரையும் மெசினில் ஏற்றி, எடையைப் பலகையில் எழுதிப் போடுவார்களாம். போன வாரத்தைவிடக் கூடியிருந்தால் சிவப்பு மை. "நீ 45-க்கு வந்தா ஒரு நிமிசம் குறையும்" என்று சொல்லியிருக்கிறார் பயிற்சியாளர். அப்போ அவள் 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 49 கிலோ. அதில் குறைக்க என்ன இருக்கிறது சொல்லுங்க? இருந்தாலும் பிள்ளை குறைத்தாள். காலையில் ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, சாயங்காலம் ஒரு கொய்யா. ராத்திரி ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சி முடிவது ஏழேகால் மணி. விடுதி மெஸ் ஏழரைக்கு மூடிவிடுவார்கள். குளித்துவிட்டு வந்தால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

முதல் ரெண்டு மாசம் நேரம் குறைந்தது. 19 நிமிசம் 40 நொடியில் ஓடினவள் 19:10-க்கு வந்தாள். கைதட்டினார்கள். இந்த முதல் ரெண்டு மாசம்தான் எல்லாரையும் ஏமாற்றுவது. அதற்கப்புறம் எவ்வளவு பழகினாலும் நேரம் ஏற ஆரம்பித்தது, பொங்கல் நெருங்கும்போது இருபதரை நிமிசம். நேரம் ஏற ஏற, எடை போதாது போல என்று இன்னும் குறைத்திருக்கிறாள். 44 கிலோ.

பொங்கலுக்கு வந்த பிள்ளையைப் பார்த்து எங்க ஊட்டுக்காரி பதறிப்போனாள். கன்னம் ஒட்டிப்போய், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, மார்கழி குளிரில் ரெண்டு போர்வை போர்த்தியும் நடுங்கிக்கொண்டு. அவங்கம்மா தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, புள்ளை அஞ்சு மாசமாத் தலைக்குக் குளிக்கலைங்க. கேட்டா, ஓடுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்றா. எனக்கு என்னென்னமோ நெனப்பு வருதுங்க" என்று அழுதிருக்கிறாள். அந்தத் தாய் என்ன நினைத்துப் பயந்திருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். காலிலும் வலி. கெண்டைக்கால் எலும்பில் ஒரு விரல் வைக்கிற இடத்தில் மட்டும் தொட்டால் துடிக்கிறாள்.

நானும் தம்பியும் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு ரெண்டு கேள்வி கேட்டாங்க. "மாசாமாசம் சரியா வருதாம்மா? நேத்து என்னென்ன சாப்பிட்டே, ஒண்ணு விடாமச் சொல்லு." அதற்கப்புறம்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாங்க. எலும்பில் மயிரிழை விரிசல். விழுந்து அடிபட்டதால் வந்ததில்லை. ஓட ஓட எலும்பில் வருகிற நுண்ணிய தேய்மானத்தை உடம்பு ராத்திரியில் பூசி மெழுகிச் சரி செய்துகொண்டே இருக்குமாம். அதற்குத் தீனி இல்லாததால் பூச்சு வேலை நின்றுபோயிருக்கிறது.

டாக்டரம்மா சொன்னதை நான் எனக்குப் புரிந்த மாதிரி தம்பிக்குச் சொன்னேன். வாய்க்காலில் தண்ணி குறைந்தால் என்ன ஆகும்? தலைமடைக்காரன் பாய்ச்சிக்கொள்வான், கடைமடை காயும். உடம்புக்கு வருகிற கலோரி குறைந்தால் இருதயமும் மூளையும் தலைமடை. அதுக நிற்க முடியாது, நின்றால் ஆளே இல்லை. ஓடுகிற காலும் பிடுங்கிக்கொள்ளும். அவள் ஒரு நாளைக்குத் தின்றது 1,200 கலோரி தேறாது, 12 கிலோமீட்டர் ஓட்டத்துக்கே 500-க்கு மேல் போய்விடும். மிச்சத்தில் உடம்பு எதை நிறுத்தலாம் என்று பார்க்கும்போது கர்ப்பப்பை, எலும்பு, முடி எல்லாம் கடைமடை. மாதவிலக்கு நின்றால் எலும்பைக் காக்கிற ஹார்மோனும் இறங்கிவிடும். அந்த வயசில்தான் எலும்பு கெட்டிப்படுகிற காலம். இப்போ போடுகிற அடித்தளத்தில்தான் அறுபது வயசில் நடக்க வேண்டும்.

"ஓடுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னது யாரோ ஒரு சீனியர். அப்படி இருக்கக் கூடாது. மூணு மாசம் வராமல் நின்றாலே டாக்டரைப் பார்க்கணும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல் இதற்கு ரெட்-எஸ் என்று பேர் வைத்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வேலைக்குத் தக்க சாப்பாடு இல்லாமல் உடம்பு ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்துவது. ஆம்பளைங்களுக்கும் உண்டு. அவர்களுக்கு மாதக் கணக்கு இல்லாததால் கண்டுபிடிக்க நாளாகும். எப்போதும் அசதி, தூக்கம் கெடுவது, எரிச்சல், ஆசையே இல்லாமல் போவது, அடிக்கடி சளி, ஆறாத கால் வலி. உங்க ஓட்டக் குழுவில் இப்படி யாராவது இருந்தால் அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்க.

அமெரிக்காவில் மேரி கெயின் என்ற பெண், 17 வயதில் உலக சாம்பியன்ஷிப் போட்டிக்குப் போனவர். 2019-ல் அவரே வெளியில் வந்து பேசினார். எடையைக் குறை, குறை என்ற நெருக்கடியில் மூணு வருசம் மாதவிலக்கு நின்றுபோய், அஞ்சு எலும்பு முறிந்தது என்றார். அத்தனை வசதியும், அத்தனை நிபுணர்களும் சுற்றி இருந்த இடத்தில் நடந்தது அது. ஒன்றரை ஏக்கர்க்காரன் மகளுக்கு ஒரு கொய்யாவும் ஒரு மெசினும்தான் துணை.

ரெண்டு மாசம் ஓட்டம் கூடாது, மூணு வேளையோடு நடுவில் ரெண்டு வேளை சேர்த்துச் சாப்பிடணும் என்று எழுதிக்கொடுத்தாங்க. சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி மாத்திரை. பிள்ளை வீட்டுக்கு வந்தும் முதல் பத்து நாள் தட்டைப் பார்த்தாலே பயந்தாள். எங்க ஊட்டுக்காரி தினமும் போய்க் கூட உட்கார்ந்து சாப்பிட்டாள். "வாங்கிக்கோ அம்மிணி, இன்னொரு கை" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. கையால் ஊட்டிய சோறு தராசில் தெரியாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாளாம் அவள், பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னாள். பங்குனி கடைசியில் மாதவிலக்கு திரும்ப வந்தது. தாய்க்காரி எங்க வீட்டுக்கு எருமைப் பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள், ஒன்றும் பேசவில்லை. இப்போ ஆடி மாசம், 49-ஐத் தாண்டிவிட்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாய்க்கால் மேட்டில் என்னோடு மெதுவாக நாலு கிலோமீட்டர் ஓடுகிறாள். மெதுவாக என்பது அவளுக்கு, எனக்கு மூச்சு வாங்குகிறது.

கல்லூரி திறந்ததும் தம்பி போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. டாக்டர் சீட்டைக் காட்டி ரெண்டு விசயம் கேட்டிருக்கிறான். பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு எட்டரை வரைக்கும் மூடி வைக்கணும். எடை எழுதுகிற பலகையில் என் பிள்ளை பேர் வேண்டாம். சோற்றை மூடி வைக்கச் சம்மதித்துவிட்டார்கள், எல்லாப் பிள்ளைகளுக்குமே. அதற்கு ஒரு பெரிய தூக்குப் போசி மட்டும்தான் தேவைப்பட்டதாம். பலகையில் இருந்து அவள் பேரையும் எடுத்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் எடையைத் திங்கட்கிழமை இன்னமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்க வீட்டுப் பிள்ளை எந்த ஊர் விடுதியில் இருந்து ஓடினாலும் சரி, ராத்திரி எத்தனை மணிக்குச் சோறு கிடைக்கிறது, எடையை யார் எழுதுகிறார்கள் என்று இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேளுங்க. பெண் பிள்ளையாக இருந்தால் அந்த மூணாவது கேள்வியையும் அவங்கம்மா கேட்கட்டும்.